குளிரில் டீசல் என்ஜின் கிளம்ப: குளோ பிளக்கா, காற்று ஹீட்டரா?

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் அமுக்கும் காற்றின் சூட்டிலேயே எரிபொருள் தானாகப் பற்றியாக வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் நிமிடத்துக்கு 200 சுற்று சுழற்றினால் பிஸ்டன் கீழிருந்து மேலேறும் ஓர் அமுக்க வீச்சுக்கு 0.15 விநாடி ஆகும். கடுங்குளிரில் ஆயில் கெட்டியாகி, பேட்டரியும் தளர்ந்து, சுழற்சி 100-ஆகக் குறைந்துவிட்டால் அந்த நேரம் இரட்டிப்பாகிறது. அதற்குள் சூட்டின் பெரும்பங்கைச் சில்லிட்ட சிலிண்டர் சுவர் உறிஞ்சிக்கொள்ள, காற்றின் ஒரு பகுதி பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளின் இடைவெளி வழியாகக் கசிந்துவிடுகிறது.

கணக்கிட்டுப் பார்ப்போம். உள்ளே வரும் காற்று மைனஸ் 20 டிகிரி செல்சியஸ், அமுக்க விகிதம் 17 (அதாவது காற்று 17-இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது), வெப்ப இழப்பையும் கசிவையும் சேர்த்து அமுக்கத்தின் அடுக்கெண் (அமுக்கும்போது சூடு எவ்வளவு ஏறும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 1.25 என்று கொண்டால், அமுக்கத்தின் முடிவில் கிடைப்பது ஏறத்தாழ 240 டிகிரிதான். சில மில்லி விநாடிகளுக்குள் டீசல் ஆவியாகி, காற்றோடு கலந்து, பற்றிக்கொள்ள இந்தச் சூடு போதாது. பற்றாத எரிபொருள்தான் புகைக்குழாயில் வெள்ளைப் புகையாக வெளிவருகிறது.

குளோ பிளக் என்பது சிலிண்டருக்குள் முனை நீட்டி நிற்கும், மின்சாரத்தால் சூடாகும் கம்பி; அது சிலிண்டரிலுள்ள காற்று முழுவதையும் சூடாக்க முயல்வதில்லை. 850 முதல் 1000 டிகிரி வரை, செராமிக் வகையானால் அதற்கும் மேலே, பழுக்கக் காய்ந்த அதன் முனை இன்ஜெக்டர் பீய்ச்சும் தாரையின் ஓரத்தில் நிற்கிறது. அங்கே பற்றும் தீ மற்ற இடங்களுக்குப் பரவுகிறது. தேவையான ஒரே இடத்தில் மட்டும் சூட்டைக் கொடுக்கும் இந்தச் சிக்கனத்தால், புதிய வகைகள் சில விநாடிகளிலேயே தயாராகிவிடுகின்றன. என்ஜின் ஓடத் தொடங்கிய பின்னும் சிறிது நேரம் எரிந்து புகையையும் தட்டல் சத்தத்தையும் குறைக்கின்றன. மாஸ்டா 2012-இல் அமுக்க விகிதத்தை 14-ஆக இறக்கிய டீசல் என்ஜினைக் கொண்டுவந்தபோது, செராமிக் குளோ பிளக்கோடு, சூடான புகையைச் சிலிண்டருக்குள் திரும்ப இழுக்கும் வால்வு ஏற்பாட்டையும் சேர்க்க வேண்டியிருந்தது. குறைகளும் உண்டு. ஒரு பிளக் செத்தால் அந்தச் சிலிண்டர் மட்டும் பற்றாமல் என்ஜின் உதறும். கரி படிந்து இறுகிய பிளக்கைக் கழற்றும்போது முறிந்து, முனை தலைப்பகுதிக்குள்ளேயே மாட்டிக்கொள்வதும் உண்டு; இதனாலேயே மெக்கானிக்குகள் இந்த வேலைக்கு அஞ்சுகிறார்கள்.

உள்ளிழுப்புப் பாதையில் பொருத்தப்படும் காற்று ஹீட்டரின் வலிமை மேற்கண்ட கணக்கிலேயே இருக்கிறது. காற்றை 50 டிகிரி சூடாக்கி உள்ளே அனுப்பினால், அமுக்கத்தின் முடிவில் ஏறத்தாழ 100 டிகிரி கூடி, 240 என்பது 340-ஆகிறது. கூட்டிய சூடு ஏறத்தாழ இரண்டு மடங்காகப் பெருகுவது ஒரு வரப்பிரசாதம். என்ஜின் தலையில் துளையிட வேண்டியதில்லை, எல்லாச் சிலிண்டர்களும் பயன்பெறும். கம்மின்ஸ் 5.9 லிட்டர் என்ஜின் இவ்வகையையே கையாண்டது. ஆனால் ஹீட்டர் நூறு ஆம்பியரையும் தாண்டி இழுக்கக்கூடியது. தளர்ந்த பேட்டரியை ஸ்டார்ட்டருக்கு முன்பே அது வடித்துவிடும். ஆகவே சிறிய சிலிண்டர்களுக்குக் குளோ பிளக், பெரிய சிலிண்டரும் வலுவான பேட்டரியும் உள்ள வண்டிகளுக்குக் காற்று ஹீட்டர் என்பதே என் தேர்வு.

என்ஜினைக் கிளப்ப உள்ளிழுப்புப் பாதையில் அடிக்கும் ஈதர் ஸ்பிரேயை இவற்றுக்கு மாற்றாகக் கருதவே கூடாது. அது டீசலைவிட எளிதில் பற்றுவதோடு காற்றுடனே உள்ளே போய்விடுவதால், பிஸ்டன் மேலே வந்துசேரும் முன்பே வெடித்து, ரிங் அமரும் வரப்புகளை உடைக்கும். குளோ பிளக்கோ ஹீட்டரோ சூடாக இருக்கும்போது அடித்தால் உள்ளிழுப்புக் குழாயே வெடிக்கலாம். உற்பத்தியாளரே அளவிட்டுச் செலுத்தும்படி அமைத்த வண்டிகளில் மட்டும் அதற்கு இடமுண்டு.

மின் இணைப்பு அருகில் இருக்குமானால், குளிர்விப்பு நீரைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டர் இவை அனைத்தையும்விட மேலானது; காரணம், அது சில்லிட்ட சுவர், கெட்டியான ஆயில் என்ற மூலக் குறைகளையே தொடுகிறது. சாலையோரத்தில் நிற்கும் வண்டிக்கு அது உதவாது.

எதை மாற்றுவது என்று முடிவெடுக்கும் முன் புகைக்குழாயைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழன்றும் புகையே இல்லையென்றால் எரிபொருளே வந்துசேரவில்லை. குளிரில் டீசலில் மெழுகு உறைந்து ஃபில்டரை அடைத்திருக்கலாம், அதற்கு இந்த ஹீட்டர்களில் எதுவும் தீர்வாகாது.