மோட்டார் பிரேக்: டிஸ்க் பிரேக்கா, திரஸ்டர் டிரம் பிரேக்கா?

சுமை தூக்கும் மோட்டாருக்குப் பிரேக் தேர்ந்தெடுக்கும்போது, எவ்வளவு சீக்கிரம் நிறுத்தும், எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்ற இரண்டு கேள்விகளோடு பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அந்தப் பிரேக் தேய்ந்த பிறகு எந்த விதமாகப் பழுதாகும், அந்தப் பழுது பராமரிப்பவரின் கண்ணில் முன்கூட்டியே படுமா என்ற கேள்வி அபூர்வமாகவே எழுகிறது. ஆபத்து அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம். ஆகவே, மோட்டாரின் பின்முனையில் ஃபேன் கவருக்குள் அமரும் டி.சி. டிஸ்க் பிரேக்கையும், திரஸ்டரால் இயங்கும் டிரம் பிரேக்கையும் முதன்மையாக அந்தக் கேள்வியை வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

இரண்டிலும் பிடிப்பது ஸ்பிரிங், விடுவிப்பது மின்சாரம். மின்சாரம் நின்றால் பிரேக் தானாகப் பிடித்துவிடும். டிஸ்க் பிரேக்கில் காயில் (மின்காந்தச் சுருள்) ஆர்மேச்சர் எனப்படும் இரும்புத் தகட்டைத் தன் பக்கம் இழுத்து, உராய்ந்து பிடிக்கும் லைனிங் ஒட்டிய டிஸ்க்கைச் சுழல விடுகிறது. டிரம் பிரேக்கில் திரஸ்டருக்குள் இருக்கும் சிறு மோட்டார் எண்ணெயை அழுத்திப் பிஸ்டனை மேலே தள்ள, நெம்புகோல் அந்த விசையைக் கடத்தி, ஸ்பிரிங்கை எதிர்த்து, டிரம்மை இருபுறமும் கவ்வும் ஷூக்களை அதிலிருந்து விலக்குகிறது. கொள்கை ஒன்றாக இருப்பதால் பழுதாகும் விதமும் ஒன்றாகவே இருக்கும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். உண்மை வேறு.

டிஸ்க் பிரேக்கில் லைனிங் தேயத் தேய ஆர்மேச்சர் தகட்டுக்கும் காந்தத்துக்கும் உள்ள காற்று இடைவெளி கூடுகிறது. புதிய பிரேக்கில் அளவைப் பொறுத்து 0.2 முதல் 0.5 மி.மீ. வரை இருப்பது வழக்கம். எந்த அளவுக்கு மேல் போகக் கூடாது என்பதைத் தயாரிப்பாளரின் கையேடு சொல்லும். இடைவெளி கூடும்போது காந்தத்தின் இழுவிசை வேகமாகக் குறைவதால், ஒரு கட்டத்தில் தகட்டை இழுக்கவே முடியாமல் போய், பிரேக் பிடித்த நிலையிலேயே மோட்டார் சுழல முயல்கிறது. ஓவர்லோட் ரிலே சரியாக வைக்கப்பட்டிருந்தால் மோட்டார் நின்றுவிடும். இல்லையென்றால் லைனிங் கருகும். அதாவது, தேய்மானத்தின் முதல் அறிகுறி சுமை நழுவுவது அல்ல, மோட்டார் திணறுவது.

டிரம் பிரேக் இதற்கு நேர்மாறானது. லைனிங் தேயும்போது, பிரேக் பிடித்த நிலையில் திரஸ்டரின் பிஸ்டன் முன்பைவிடக் கீழே இறங்கி நிற்கும். பிஸ்டன் அடித்தளத்தைத் தொட்டுவிட்டால், அதன் பிறகு ஸ்பிரிங்கின் விசை ஷூக்களுக்குப் போய்ச் சேராது. பிரேக் தாராளமாகத் திறக்கும், ஆனால் பிடிக்காது. தேய்மானத்தைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பு இல்லாத டிரம் பிரேக்கில் மீதமிருக்கும் ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் இன்னும் கீழே இறங்கக்கூடிய தூரத்தை, அளக்காமல் விடுவதைவிடப் பெரிய தவறு எனக்குத் தெரியவில்லை. ஆயினும் டிரம் பிரேக்குக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: பிஸ்டனின் உயரம், லைனிங்கின் கனம், எண்ணெய்க் கசிவு ஆகிய அனைத்தையும் எதையும் கழற்றாமல் பார்த்துவிடலாம். டிஸ்க் பிரேக் பாதுகாப்பான பக்கமாகப் பழுதானாலும் தன் குறையை மூடி மறைத்தே வைத்திருக்கும். ஆயில் சீல் கசிந்து எண்ணெய் லைனிங்கில் ஏறினாலோ, கருகிய லைனிங் பிடிப்பை இழந்தாலோ அதுவும் சுமையை நழுவவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பொருத்தும் வேலையில் டிஸ்க் பிரேக் எளிது. தொழிற்சாலையிலேயே மோட்டாரோடு இணைக்கப்பட்டு வருவதால், ஷாஃப்டின் மையத்தோடு அது பொருந்துகிறதா என்ற கவலை பெரும்பாலும் இல்லை. டிரம் பிரேக்கைப் பொருத்துபவர், ஷூக்களின் மையமும் டிரம்மின் மையமும் ஒன்றாக இருக்கின்றனவா, பிரேக் திறந்திருக்கும்போது இரு பக்கத்து இடைவெளியும் சமமாக இருக்கிறதா, டிரம் ஆட்டமின்றிச் சுழல்கிறதா என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஆனால் அந்தப் பொறுமைக்குக் கிடைக்கும் பலன் சிறிதல்ல. டிரம்மைக் கியர்பாக்ஸின் ஷாஃப்டில் வைத்தால், மோட்டாருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உள்ள கப்ளிங் உடைந்தாலும் சுமை நிற்கும். மோட்டாரின் பின்முனையில் உள்ள டிஸ்க் பிரேக் அந்த நிலையில் வெறும் மோட்டாரை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும்.

பிடிக்கும் திறனைக் கணக்கிடுவது இரண்டுக்கும் பொது. கிலோவாட்டை 9550-ஆல் பெருக்கி, நிமிடச் சுழற்சியால் வகுத்தால் மோட்டாரின் முறுக்குவிசை கிடைக்கும், 7.5 கிலோவாட், 1450 சுழற்சி என்றால் சுமார் 49 நியூட்டன் மீட்டர். சுமை தூக்கும் வேலைக்கு இதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு, அதாவது 100 நியூட்டன் மீட்டர் அளவில் பிரேக் வைப்பது வழக்கம். நிறுத்தும்போது குலுங்குகிறது என்று டிஸ்க் பிரேக்கிலிருந்து சில ஸ்பிரிங்குகளை எடுத்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். கன்வேயரில் கையேடு அனுமதித்தால் செய்யலாம். தொங்கும் சுமைக்கு அதை ஒருபோதும் செய்யக் கூடாது.

ஒயரிங் விஷயத்தில் டிஸ்க் பிரேக்குக்குத்தான் கூடுதல் கவனம் தேவை. அதன் காயிலுக்கு டி.சி. தருவது ரெக்டிஃபையர். அரை அலை ரெக்டிஃபையர் ஏ.சி. அளவில் சுமார் 0.45 மடங்கும், முழு அலை ரெக்டிஃபையர் சுமார் 0.9 மடங்கும் தரும். 230 வோல்டிலிருந்து முறையே ஏறக்குறைய 103, 207 வோல்ட் கிடைக்கும். காயிலின் பெயர்ப்பலகையில் உள்ள வோல்டேஜைப் பார்க்காமல் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை மாட்டினால், காயில் எரியும் அல்லது பிரேக் திறக்காது. மின்சாரத்தை எந்தப் பக்கம் துண்டிக்கிறோம் என்பதும் முக்கியம். ஏ.சி. பக்கம் துண்டித்தால், காயிலில் தேங்கிய மின்னோட்டம் ரெக்டிஃபையரின் டையோடு வழியாகச் சுற்றி மெதுவாகவே அடங்கும், அதுவரை பிரேக் பிடிக்காது. டி.சி. பக்கமும் சேர்த்துத் துண்டித்தால் சட்டென்று பிடிக்கும்; அதற்கு டி.சி. மின்னோட்டத்தைத் துண்டிக்கத் தகுந்த கான்டாக்டும், அப்போது எழும் உயர் வோல்டேஜை விழுங்க ஒரு வேரிஸ்டரும் வேண்டும். சுமை தொங்கும் இயந்திரத்தில் இந்தக் கூடுதல் செலவைத் தவிர்க்க நினைப்பது தவறு.

ஒரு சரக்குத் தூக்கியில் பிரேக்குக்கான மின்சாரத்தை மோட்டாரின் டெர்மினல் பெட்டியிலிருந்தே எடுத்திருந்தார்கள். பின்னர் மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவியான வி.எஃப்.டி. சேர்த்தபோது அந்த இணைப்பை மாற்றாமல் விட்டுவிட்டார்கள். குறைந்த வேகத்தில் வி.எஃப்.டி. தரும் வோல்டேஜும் குறைவு என்பதால், காயில் தகட்டை இழுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. நான் ஃபேன் கவரைக் கழற்றியபோது லைனிங் தூள் கறுப்பு மாவு போலக் கொட்டியது, 0.3 மி.மீ. இருக்க வேண்டிய இடைவெளியில், அதை அளக்கும் மெல்லிய தகடுகளின் தொகுப்பான ஃபீலர் கேஜின் 1 மி.மீ. தகடு தடையின்றி நுழைந்தது. வி.எஃப்.டி. இருக்கும் இடத்தில் பிரேக்குக்குத் தனி மின்வழி கட்டாயம் என்பதை அன்றிலிருந்து எந்த வரைபடத்திலும் முதலில் தேடுகிறேன்.

இங்கே மூன்றாவது போட்டியாளர் ஒன்றையும் தொட்டுச் செல்ல வேண்டும். வி.எஃப்.டி.யே ரெசிஸ்டர் மூலம் வேகத்தைக் குறைத்துவிடுகிறதே, மெக்கானிக்கல் பிரேக் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வேகத்தைக் குறைக்க அது மிக நல்ல வழி. லைனிங்கும் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் மின்சாரம் போன நொடியில் அதற்குப் பிடிக்கும் சக்தி கிடையாது. தொங்கும் சுமைக்கு அது துணை மட்டுமே.

பராமரிப்பின்போது இரண்டுக்கும் முதல் விதி ஒன்றே: சுமையைத் தரையில் இறக்கு, முடியாவிட்டால் இரும்புத் தாங்கியில் நிறுத்து, பிறகு மின்வழியைத் துண்டிக்கும் சுவிட்சான ஐசொலேட்டரைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் வை. பிரேக்குக்குத் தனி மின்வழி இருந்தால், மோட்டாரின் ஐசொலேட்டரை மட்டும் அணைத்தால் பிரேக்கின் டெர்மினலில் மின்சாரம் இன்னும் இருக்கும். திரஸ்டருக்கும் இது பொருந்தும். இரண்டு மின்வழிகளையும் பூட்டி, மீட்டர் வைத்துச் சோதித்த பிறகே கை வைக்க வேண்டும். வி.எஃப்.டி.யின் கெப்பாசிட்டர்கள் அணைத்த பின்னும் சில நிமிடங்கள் மின்னேற்றத்தோடு இருக்கும். மெகர் (இன்சுலேஷனை உயர் வோல்டேஜில் சோதிக்கும் கருவி) போடுவதற்கு முன் ரெக்டிஃபையரைக் கழற்றிவிட வேண்டும்.

அதன் பிறகு வேலையின் தன்மை பிரிகிறது. டிஸ்க் பிரேக்கில், மின்சாரம் இல்லாத நிலையிலேயே சுற்றிலும் மூன்று இடங்களில் ஃபீலர் கேஜால் இடைவெளியை அளந்து, மூன்றும் சமமாக வரும்வரை சரிசெய்ய வேண்டும்; ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் தகடு சாய்ந்து லைனிங்கின் ஓரத்தைத் தின்னும். டிரம் பிரேக்கில் பெரிய ஸ்பிரிங் அழுத்தத்தோடு நிற்பதால், அதைத் தளர்த்தாமல் எந்தப் பின்னையும் தட்டக் கூடாது. லைனிங் தூளைக் காற்று அடித்து ஊதுவது இரண்டிலும் கூடாது, பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். முகக்கவசம் அணிந்து, அதற்குரிய ஃபில்டர் உள்ள வேக்குவம் கொண்டு உறிஞ்ச வேண்டும். கையால் விடுவிக்கும் நெம்புகோல்தான் இரண்டிலும் அதிகம் மறக்கப்படுவது. டிஸ்க்கில் அதன் பூட்டுத் திருகு இறுக்கியபடியே விடப்படும். டிரம்மில் இடையே செருகிய மரக்கட்டை அங்கேயே கிடக்கும்.

சிறிய, நடுத்தரத் தூக்கிகளுக்கு டி.சி. பக்கத் துண்டிப்பும், திறப்பையும் தேய்மானத்தையும் அறிவிக்கும் மைக்ரோசுவிட்சும் உள்ள டிஸ்க் பிரேக்கையே நான் தேர்ந்தெடுப்பேன். மறைந்திருக்கும் குறையை அந்தச் சுவிட்ச் வெளியே கொண்டுவந்துவிடும். பெரிய கிரேன்களுக்கு, வாரம் தவறாமல் ஸ்ட்ரோக்கை அளந்து எழுதும் ஆள் இருக்கும் இடத்தில், கியர்பாக்ஸ் பக்கத்து டிரம் பிரேக் எனக்கு அதிக நிம்மதி தரும். அப்படி ஆள் இல்லாத இடத்தில் தேய்மானத்தைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பு இல்லாமல் அதை வைக்க மாட்டேன்.

எதை வைத்தாலும், வேலை முடிந்ததும் ஆட்களை விலக்கிவிட்டு, சுமையைச் சிறிது உயரம் தூக்கி, கப்ளிங்கில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுச் சில நிமிடங்கள் காத்திருக்கிறேன். கோடு நகரவில்லை என்றால், முழு வேகத்தில் இறக்கும்போது நிறுத்திப் பார்க்கிறேன், ஏனெனில் பிரேக்குக்கு அதுதான் மிகக் கடினமான வேலை. அதன் பிறகே அளவையும் தேதியையும் பதிவேட்டில் எழுதி, பூட்டைத் திருப்பித் தருகிறேன்.