ஒரே நெட்வேர்க் கார்ட், இரண்டு வலையமைப்பு: ஏலியாஸா, விலானா?

கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ சின்னக் கணினி நிலையம் நடத்துகிற தம்பி தங்கச்சிமாருக்கு வருகிற குழப்பம் இது. சேர்வரில் ஒரே கார்ட். வகுப்புக்கும் அலுவலகத்துக்கும் தனித்தனி வலையமைப்பு வேண்டும். வழி இரண்டு: ஏலியாஸ் என்றால் அதே கார்ட்டுக்கு இன்னொரு ஐபி முகவரியும் கொடுப்பது; விலான் என்றால் ஒரே சுவிச்சைத் தனித்தனி வலையமைப்புகளாகப் பிரிப்பது.

செலவு
ஏலியாஸ்: ஒரு சதமும் இல்லை.
விலான்: மனேஜ்ட் சுவிச் (அமைப்பை நாமே மாற்றக்கூடிய சுவிச்) வேண்டும்.

வேலை
ஏலியாஸ்: லினக்ஸில் ஒரு வரிக் கட்டளை.
விலான்: சுவிச்சின் போர்ட்டுகளைப் பிரிக்க வேண்டும், சேர்வர் போர்ட்டை ட்ரங்க் (இரண்டு விலானும் போகிற போர்ட்) ஆக்க மறந்தால் ஒன்றும் ஓடாது.

பாதுகாப்பு
ஏலியாஸ்: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கூடுவது ஐபி முகவரி மட்டுமே. கார்ட்டின் மாக் முகவரி (வன்பொருள் முகவரி) ஒன்றுதான், புரோட்காஸ்ட் (பொது அறிவிப்புச் செய்தி) இரண்டு பக்கத்திலும் எல்லாருக்கும் போகும். மாணவன் தன் ஐபியை மாற்றினாலே அலுவலகக் கணினியை எட்டிவிடலாம்.
விலான்: 802.1கியூ என்ற தரமுறையில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (தரவுப் பொதிக்கும்) அது எந்த விலான் என்று காட்டும் 4 பைட் டேக். சுவிச்சே பிரித்து அனுப்பும். சேர்வரில் ஃபயர்வோலையும் மறக்காதீர்கள்.

வேகம்: இரண்டிலும் ஒரே கார்ட்டின் வேகம்தான் பங்காகும்.

எதுவானாலும் அமைப்பைக் கோப்பில் எழுதி வையுங்கள். கட்டளையில் மட்டும் கொடுத்தது, கரண்ட் போய் வந்தால் அழிந்துவிடும்.

ஒரு சேர்வருக்கு இரண்டு முகவரி போதுமென்றால் ஏலியாஸ். பிள்ளைகளின் புள்ளிகளும் கட்டணக் கணக்கும் இருக்கிற இடமென்றால், சுவிச் வாங்க ஒரு மாதம் பொறுத்தாவது விலானையே போடுங்கள்.