‘இரண்டும் ஒரே கியர்பாக்ஸ்தான்’ என்று சொன்னால் நம்பிப் பணம் கட்டாதீர்கள்

1993, 1994 மாடல் ஷெவர்லே பிக்கப் வைத்திருப்பவர்கள், வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை மாட்டும் எண்ணத்தில் இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன்.

ஹூஸ்டனில் நான் ஓட்டுவது 1994ஆம் ஆண்டு சி1500, 5.7 லிட்டர் வி8. மூன்றாவது, நான்காவது கியர்கள் வழுக்கத் தொடங்கியதும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ‘இதே 1994 வண்டியில் இருந்த 4எல்60இ கியர்பாக்ஸ், அப்படியே பொருந்தும்’ என்று வாயால் உறுதி சொல்லி முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டவர்கள், பில்லில் ‘பயன்படுத்திய டிரான்ஸ்மிஷன்’ (கியர்பாக்ஸ்) என்று மட்டுமே எழுதினார்கள்.

ஊருக்குள் வண்டி நன்றாகவே ஓடியது. நெடுஞ்சாலையில் 65 மைல் வேகத்தில் சீராகப் போகும்போது, எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள், இரண்டையும் நேராக இணைக்கும் லாக்-அப் கிளட்ச் பிடித்து எஞ்சின் சுற்று சற்றுக் குறைய வேண்டும். அது நடக்கவே இல்லை. கிளட்ச் பிடிக்காவிட்டால் கன்வெர்ட்டரில் ஏற்படும் நழுவல் முழுவதும் சூடாக மாறி ஆயிலைக் கருக்கிவிடும். திரும்பக் கொண்டுபோய்க் காட்டியபோது, ‘பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும்’ என்று அனுப்பிவிட்டார்கள்.

உண்மையைக் கண்டுபிடித்தவர் வேறொரு மெக்கானிக். வண்டியைத் தூக்கி, கியர்பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் பானுக்குச் சற்று மேலே வலப்பக்க விளிம்பில் படிந்திருந்த கிரீஸைத் துடைத்ததும், பொறித்திருந்த குறியீடு தெரிந்தது. அதன் முதல் எண் 5, அதாவது 1995ஆம் ஆண்டின் தயாரிப்பு. அந்த ஆண்டில்தான் ஜெனரல் மோட்டார்ஸ், லாக்-அப்பை மின் துடிப்புகளால் கட்டுப்படுத்தும் கூடுதல் சொலினாய்டு (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) ஒன்றை இதில் சேர்த்தது. அதை இயக்கும் ஏற்பாடு 1994 வண்டியின் கம்ப்யூட்டரிலும் இல்லை, வயரிங்கிலும் இல்லை. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் மாட்டுவதில் எந்தத் தடையும் வராது. கழற்றக்கூடிய பெல் ஹவுசிங் (எஞ்சினோடு இணையும் முன்பக்க உறை) 1996 முதல் வரத் தொடங்கியதால் அந்த வித்தியாசமாவது கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது.

இத்துடன் முடியவில்லை. ரேடியேட்டரில் உள்ள, கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் கூலரையும் மாட்டிக் கொடுத்தவர்கள் கழுவவில்லை. அதன் குழாயைக் கழற்றி வெள்ளைத் துணியில் ஊதிக் காட்டியபோது, பழைய கியர்பாக்ஸின் உலோகத் தூள் கலந்த சாம்பல் நிறச் சேறு வந்து விழுந்தது. அவ்வளவும் புதிதாக மாட்டியதற்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் பழுப்பாகிக் கருகிய வாடை அடித்தது. தினமும் இதே வேலையைச் செய்பவர்களுக்கு ஒரு குறியீட்டைப் படிக்கத் தெரியாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே, கியர்பாக்ஸ் தரையில் இருக்கும்போதே குறியீட்டை உங்கள் கண்ணால் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறியீட்டையும் ஆண்டையும், கூலரைக் கழுவித் தருவதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வண்டியை வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டதால், 20,000 டாலர் வரையிலான வழக்குகளை விசாரிக்கும் டெக்சாஸ் ஜஸ்டிஸ் கோர்ட்டில் குறியீட்டின் படத்தையும் பில்லையும் இணைத்து மனு கொடுத்திருக்கிறேன்.