ஈறு நோய்: டீப் கிளீனிங்கா, ஃபிளாப் சர்ஜரியா? நீலகிரியில் இருப்பவர்களுக்கு

பல் தேய்த்துத் துப்பும்போது ரத்தம் வந்தால் பலரும் பிரஷ்ஷைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி ஈறுதான். விடாத வாய் நாற்றம், ஈறு இறங்கிப் பல் நீளமாகத் தெரிவது, பல்லிடுக்கில் புதிதாக இடைவெளி, கடைசியில் ஆட்டம் என்று நோய் முற்றும். வலி வரும் என்று காத்திருக்கக் கூடாது. ஈறு நோய் வெகுநாள் வலிக்காமலே எலும்பைக் கரைக்கும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ரத்தக் கசிவுகூடக் குறைந்து நோய் மறைந்துகொள்ளும்.

எந்தச் சிகிச்சை என்பதை முடிவு செய்வது ஈறுப்பையின், அதாவது பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடுக்கின் ஆழம். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கருவியால் ஒரு பல்லுக்கு 6 இடங்களில் அளப்பார்கள். 3 மி.மீ. வரை பயமில்லை. 4, 5 என்றால் ஈறுக்கு அடியில் சுத்தம் செய்யும் டீப் கிளீனிங். கிளீனிங் முடிந்து மறுபடி அளந்தும் 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் நின்றால்தான், ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் ஃபிளாப் சர்ஜரி பற்றிய பேச்சு. அளக்காமல், எக்ஸ்ரே பார்க்காமல் நேரே சர்ஜரி என்று சொன்னால் இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள்.

என் சாய்வு டீப் கிளீனிங் பக்கம். மரமரப்பு ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேரில் ஒட்டிக் கெட்டியான அழுக்கான காரையைச் சுரண்டி எடுப்பார்கள். வாயைப் பகுதி பகுதியாகப் பிரித்து 2 முதல் 4 முறை வரச் சொல்வார்கள். தையல் இல்லை, மறுநாளே வேலைக்குப் போகலாம். பிறகு பல் ஆடுவதுபோலத் தோன்றினால் கிளீனிங் பல்லைக் கெடுத்துவிட்டது என்று அர்த்தமில்லை. எலும்பு ஏற்கெனவே குறைந்த பல்லைக் காரை முட்டுக்கொடுத்து வைத்திருந்தது. முட்டு போனதும் உண்மை நிலை தெரிகிறது. வீக்கம் வற்றினால் ஆட்டமும் ஓரளவு குறையும். வேர் வெளியே தெரிவதால் பல் கூசும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளிக்கவே முடியாது. சில வாரம் வெதுவெதுப்பான தண்ணீரும் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட்டும் போதும். 0.2% குளோர்ஹெக்சிடின் கொடுத்தால் 10 மி.லி., ஒரு நிமிடம், தினம் இருமுறை, சொன்ன நாட்கள் மட்டும். பேஸ்ட்டுக்கும் அதற்கும் அரை மணி இடைவெளி விடுங்கள். கொப்பளித்த கையோடு டீ குடித்தால் பல் பழுப்பாகக் கறை பிடிக்கும். தேயிலை ஊரில் இது முக்கியம்.

ஆனால் சிகிச்சை நிலைக்குமா என்பதை உண்மையில் தீர்மானிப்பது பின்பராமரிப்பு. எந்தச் சிகிச்சை செய்தாலும் சுமார் 3 மாதத்தில் கிருமிகள் பைக்குள் மீண்டும் குடியேறும். அதனால் 3 மாதத்துக்கு ஒருமுறை அளவும் சுத்தமும் தேவை. நோய் அடங்கியபின் இடைவெளியைக் கூட்டலாம். ஃபிளாப் செய்துகொண்டவருக்கும் இதிலிருந்து விலக்கில்லை. இதற்குக் கோவை போவதென்றால் ஊட்டியிலிருந்து சுமார் 85 கி.மீ.; கூலி நாள் ஒன்று போய்விடும். இரண்டு முறை போய் மூன்றாம் முறை விட்டுவிட்டால் செய்த சர்ஜரியும் வீணாகும். ஆகவே குன்னூரோ கோத்தகிரியோ, தவறாமல் போகக்கூடிய பல் மருத்துவரிடம் டீப் கிளீனிங்கும் தொடர் கவனிப்பும் வைத்துக்கொள்வதே மேல். வீட்டில் பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் 45 டிகிரி சாய்த்துத் தேயுங்கள். இடைவெளி விழுந்த பற்களுக்கு நூலைவிட இடுக்கு பிரஷ் நன்றாக வேலை செய்யும். இறுக்கமாக, ஆனால் திணிக்காமல் நுழையும் அளவை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இது இரட்டைக் கணக்கு. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. ஈறு சிகிச்சைக்குப் பின் 3, 4 மாதத்தில் ஹெச்பிஏ1சி (கடந்த சுமார் 3 மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) சராசரியாக 0.3 முதல் 0.4 சதவீதப் புள்ளி வரை இறங்குவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இதய நோயோடும் தொடர்பு தெரிகிறது; ஆனால் ஈறைச் சரிசெய்தால் மாரடைப்பு வராது என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை.

கடைவாய்ப் பல்லின் வேர்கள் பிரியும் இடத்தில் நோய் புகுந்தாலோ, எலும்பு பள்ளமாக அரித்திருந்தாலோ சுரண்டும் கருவி அடிவரை எட்டாது. அங்கே ஈறைத் திறந்துதான் ஆக வேண்டும். அதற்கு ஈறு நிபுணரிடமே போங்கள். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், புகையை நிறுத்த வேண்டும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பதை முன்பே சொல்ல வேண்டும். 7 முதல் 10 நாளில் தையல் பிரிக்கத் திரும்பப் போக வேண்டியிருக்கும். அவசரம் இல்லையென்றால் அக்டோபர், நவம்பரைத் தவிருங்கள். மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபடுவது அந்த மழையில்தான்.