காற்றுக்கல்லா, சிலிக்கோன் குழாயா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஐந்து சதுர மீட்டர் தொட்டி. 20 செ.மீ. தண்ணீர், அதில் சுருள்பாசி (ஸ்பைருலினா). 1 கிலோ உலர்பாசி விளைய ஏறக்குறைய 1.8 கிலோ கரியமில வாயு வேண்டும். அதைத் தண்ணீருக்குள் எப்படி இறக்குவது என்பதுதான் தலைவலி.

முதலில் வாயுவைக் குமிழிகளாக விடும் மீன்தொட்டிக் காற்றுக்கல்லைப் போட்டேன். மலிவு, சுலபம். ஆனால் இந்த ஆழத்தில் குமிழி மேலே வர ஒரு வினாடி போதும், கரைய நேரமே இல்லை. "என்ன தம்பி, பாசிக்குச் சோடா ஊத்துறியா?" என்று பக்கத்து வீட்டு மாமா சிரிப்பார். 5 கிலோ சிலிண்டர் மூன்றே வாரத்தில் காலி.

இப்போது சிலிக்கோன் குழாயைச் சுருட்டித் தண்ணீருக்கடியில் போட்டிருக்கிறேன். குழாயில் துளையே கிடையாது. வாயு அதன் சுவர் வழியே ஊடுருவி, குமிழியில்லாமல் கரைகிறது. தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) 10-ஐத் தாண்டினால் மின்வால்வு திறந்து வாயுவை விடும். அதே சிலிண்டர் ஏழு வாரம் வருகிறது.

பராமரிப்புதான் விஷயம். குழாயின் மறுமுனையை மூடி வைத்தால் வாயு வீணாகாது என்று நினைத்தேன். சில நாளில் வளர்ச்சி மந்தமாகியது. வாயு வெளியே போகிற மாதிரியே தண்ணீரிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் நீராவியும் உள்ளே வருகின்றன. முதலிரண்டும் மூடிய முனையில் தேங்கும், நீராவி குளிர்ந்து தாழ்வான இடத்தில் நீராக நின்று வழியை அடைக்கும். 2023-ல் இங்கே லோடு ஷெட்டிங் (முறைவைத்து மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது மின்வால்வு மணிக்கணக்கில் மூடியே கிடந்து இந்தத் தொல்லை இரட்டிப்பானது. இப்போது கடைசி முனையில் ஒரு சின்னத் திருகுவால்வு வைத்து, தினமும் காலையில் சில வினாடி திறந்துவிடுகிறேன். வெளியில் படியும் வழுவழுப்பைப் பழைய துணியால் துடைத்தால் போயிற்று.

முடி மாதிரி மெல்லிய, உள்ளே துளையுள்ள நுண்ணிழைகள் அடைத்த உருளை இன்னும் வேகமாக வாயு கொடுக்கும், நண்பரிடம் வாங்கிப் பார்த்தேன். பாசி இழைகள் நடுவில் சிக்கி ஒரு மாதத்தில் அடைத்துக்கொண்டது, அதற்குள் துணியை விட்டுத் துடைக்கவா முடியும்? பாசியை வடித்த தண்ணீரை மட்டும் ஓட்டியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கலாம். நான் ஓட்டவில்லை. ஏக்கர் கணக்கில் வளர்ப்பவர்களுக்கும் என் ஒற்றைத் தொட்டியை வைத்து யோசனை சொல்ல மாட்டேன்.

காற்றுக்கல்லைத் தூக்கிப் போடவில்லை. பாசி விடும் ஆக்சிஜன் தண்ணீரில் தேங்கினால் வளர்ச்சி மட்டுப்படும், அதனால் மதியவேளையில் வெறும் காற்றை மட்டும் அதன் வழியே விடுகிறேன். தண்ணீரின் அந்தக் காரத்தன்மையில் கரியமில வாயு பைகார்பனேட்டாகவும் கார்பனேட்டாகவும் மாறிவிடுவதால் அதிகம் தப்பிப்போவதில்லை. மாமாவுக்கு மட்டும் இன்னும் அது சோடாதான்.