ஃப்ளா மேடையில் கெய்லி இசைக்குழுக்கள்: ஆடுவோர் இல்லாத போட்டி

அயர்லாந்தின் மரபிசைக்கென்று ஆண்டுதோறும் ஆகஸ்டில் நடைபெறும் ஃப்ளா கியோல் பெருவிழாவில் மக்கள் மிகவும் எதிர்பார்க்கும் நிகழ்ச்சி எது என்று கேட்டால், பெரும்பாலோர் பெரியவர்களுக்கான கெய்லி (மக்கள் கூடி ஆடும் நடன நிகழ்ச்சி) இசைக்குழுப் போட்டியின் இறுதிச் சுற்றையே சொல்வார்கள். இந்த மதிப்புரை அந்த இறுதிச் சுற்றைப் பற்றியது. அமர்ந்து கேட்கும் இசை நிகழ்ச்சி என்ற வகையில் அதற்குத் தயங்காமல் மிக உயர்ந்த இடம் தருவேன். ஆனால் நடனத்துக்கு வாசிக்கும் குழுக்களுள் சிறந்தது எது என்று தீர்மானிக்கும் முறை என்ற வகையில் அது தன் வேலையில் பாதியை மட்டுமே செய்கிறது என்பது என் உறுதியான கருத்து.

கெய்லி இசைக்குழு ஆடுவோருக்காகவே பிறந்தது. ஃபிடில் (வயலின்), மரப்புல்லாங்குழல், பொத்தான் அக்கார்டியன், கான்செர்டினா, பாஞ்சோ ஆகியவை ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிக்க, பியானோவும் டிரம்மும் தாளத்தைத் தாங்கிப் பிடிக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனுக்குக் குடிபெயர்ந்த அயர்லாந்துக்காரர்களின் நடன அரங்குகளில் இந்த அமைப்பு வேரூன்றியது. அயர்லாந்துக்குள் இதற்குப் பெரிய உந்துதல் தந்தது 1935ஆம் ஆண்டின் பொது நடன அரங்குச் சட்டம். அதுவரை கிராமத்து வீடுகளின் சமையலறையில் ஒரு ஃபிடிலும் ஒரு புல்லாங்குழலும் இருந்தாலே இரவு முழுவதும் ஆட்டம் நடந்துவிடும். உரிமம் பெறாத பொது நடனம் குற்றமாகி, பாதிரிமாரும் காவலர்களும் வீட்டு நடனங்களையும் ஒடுக்கத் தொடங்கியபின், ஆட்டம் பங்குக் கோயில்களைச் சார்ந்த அரங்குகளுக்கு இடம்பெயர்ந்தது. கூட்டமாகச் சேர்ந்து தரையை மிதித்து ஆடும் அந்த அரங்குகளில் இரண்டு கருவிகளின் ஒலி எடுபடவில்லை. எட்டுப் பத்துப் பேர் கூடி உரக்க வாசிக்க வேண்டியதாயிற்று. குழுவின் அளவு, டிரம்மின் இடம், எல்லோரும் ஒரே மெட்டை வாசிக்கும் வழக்கம் ஆகிய அனைத்துக்கும் காரணம் ஆடுவோரின் தேவைதான்.

விழாவை நடத்துவது 1951இல் முல்லிங்கர் நகரில் உருவான, அயர்லாந்து மரபிசையை வளர்க்கும் கோல்தஸ் அமைப்பு. முதல் விழாவும் அதே ஆண்டு அதே நகரில் நடந்தது. விழா ஊர் ஊராக மாறிக்கொண்டிருக்கும். அண்மையில் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் முல்லிங்கரிலும், 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் வெக்ஸ்ஃபோர்டிலும் நடைபெற்றது. இறுதிச் சுற்றுக்கு யாரும் நேராக வந்துவிட முடியாது. கவுன்டி (மாவட்டம்) அளவிலும் பிறகு மாகாண அளவிலும் தேறி வர வேண்டும். பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும் வாழும் அயர்லாந்து வம்சாவளியினருக்குத் தனித் தகுதிச் சுற்றுகள் உள்ளன. ஆகவே அந்த மேடையில் தகுதியற்ற குழு என்று எதையும் காண முடியாது.

இனி மேடைக்கு வருவோம். குழுவினர் ஒரே மாதிரி உடையணிந்து இரண்டு வரிசையாக அமர்கிறார்கள். டிரம்மர் மரக்கட்டையில் தட்டிக் காலப்பிரமாணத்தைத் தருகிறார். அடுத்த கணமே அத்தனை கருவிகளும் ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில், ஒரே வளைவுகளோடு பாய்ந்து வருகின்றன. ரீல் என்ற மெட்டு பெரும்பாலும் எட்டு தாளச் சுற்றுகள் கொண்ட இரண்டு பகுதிகளால் ஆனது. ஒவ்வொரு பகுதியையும் இருமுறை வாசித்தால் முப்பத்திரண்டு சுற்றுகள் முடியும். ஒரு ரீலிலிருந்து மற்றொன்றுக்கு நிறுத்தாமல் தாவும் அந்த இணைப்பில்தான் குழுவின் உழைப்பு முழுவதும் வெளிப்படுகிறது. சுருதி மாறி, இசை ஒரு படி உயர்ந்து நிற்கும் அந்த நொடியில் அரங்கம் முழுவதும் ஆரவாரம் எழுகிறது. பல மாதங்கள் ஒன்றாக அமர்ந்து, ஒரே ஃபிடில் வில்லின் திசையைக்கூடப் பேசித் தீர்மானித்துப் பயின்றால் மட்டுமே இந்த ஒருமைப்பாடு வாய்க்கும். போட்டி என்ற ஒன்று இல்லாவிட்டால் இவ்வளவு பேர் இவ்வளவு நுணுக்கமாகப் பயில்வார்களா என்றால், பயில மாட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன். மெய்சிலிர்க்க வைக்கும் வாசிப்பு அது; அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் மேடைக்கு முன்னே இருப்பவை நாற்காலிகள்.

நடுவர்கள் அமர்ந்து கேட்கிறார்கள், பார்வையாளர்கள் அமர்ந்து கேட்கிறார்கள், யாரும் ஆடுவதில்லை. செட் நடனத்தில் நான்கு இணைகள் சதுரமாக நிற்பார்கள். கிளேர் கவுன்டியில் பெரிதும் விரும்பி ஆடப்படும் கலிடோனியன் செட்டை எடுத்துக்கொண்டால், அது பல பகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனக்கே உரிய நீளத்தைக் கொண்டிருக்கும். அந்த நீளம் முழுவதும் தாளம் தளராமலும் விரையாமலும் வாசித்து, கடைசி இணை தன் இடத்துக்குத் திரும்பும் அதே கணத்தில் நிறுத்துவது குழுவின் பொறுப்பு. அடுத்த பகுதிக்கு ஜிக், அதற்கடுத்ததற்குப் போல்கா என வேறு தாள வகை மெட்டுகள் வேண்டும் என்றால் உடனே எடுத்துக்கொடுக்க வேண்டும். தரை வழுக்குகிறதா, ஆடுவோர் முதியவர்களா, கூட்டம் களைத்துவிட்டதா என்று பார்த்து வேகத்தைச் சற்றே மாற்றத் தெரிய வேண்டும். இப்படி இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து வாசிப்பதற்குத் தேவையான மெட்டு வளமும் உடல் வலிமையும் இல்லாத குழுவை எந்த நடன அமைப்பாளரும் மறுமுறை அழைக்க மாட்டார். இவற்றுள் ஒன்றையும் சில நிமிடங்களில் முடிந்துவிடும் போட்டி வாசிப்பு அளந்து காட்டுவதில்லை. மேலும், கிளேர்க்காரர்கள் ஆடும்போது கனத்த காலணிகளால் மரத்தரையை அடித்து எழுப்பும் ஓசை இந்த இசையின் ஓர் உறுப்பாகவே இருக்கிறது. டிரம்மரின் தட்டல் அந்தக் காலடிகளோடு உரையாடுவதற்காக ஏற்பட்டது. காலடிகள் இல்லாத மேடையில் அவர் தனியே பேசிக்கொண்டிருக்கிறார்.

இதன் விளைவு வாசிப்பிலேயே தெரிகிறது. 1962இல் இசையமைப்பாளர் ஷான் ஓ ரியாடா தம் வானொலிச் சொற்பொழிவுகளில் கெய்லி இசைக்குழுக்களைக் கடுமையாகச் சாடினார். எல்லோரும் ஓயாமல் ஒரே மெட்டை வாசிப்பதால் தனி வாசிப்பாளரின் அழகுகள் மறைந்துபோகின்றன என்பது அவருடைய குறை. தாம் அமைத்த கியோல்டோரி குவாலன் குழுவில் கருவிகளைத் தனித்தும் மாற்றி மாற்றியும் ஒலிக்கச் செய்து வேறொரு வழியைக் காட்டினார். அமர்ந்து கேட்பவருடைய குறை அது, ஆடுபவருடையது அன்று. இன்றைய போட்டிக் குழுக்களில் பல அந்த வழியையே கெய்லி மேடைக்குக் கொண்டுவந்திருக்கின்றன: சில கருவிகள் விலகி மீண்டும் சேர்வது, மெட்டுக்கு எதிராக மற்றொரு மெட்டு ஓடுவது, பியானோவும் டிரம்மும் சட்டென்று நின்று பிறகு இடிபோல நுழைவது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் திடீர் நிறுத்தத்தில் சுழன்றுகொண்டிருக்கும் இணையின் நிலை என்னவாகும் என்று யாரும் கேட்பதில்லை, ஏனெனில் சுழல்வதற்கு அங்கே யாரும் இல்லை. வென்ற குழுவின் பாணியை மற்ற குழுக்கள் பின்பற்றத் தொடங்கும்போது வட்டார வேறுபாடுகளும் மங்குகின்றன. கிழக்கு கால்வேயின் நிதானமும், கார்க், கெர்ரி எல்லையில் உள்ள ஸ்லீவ் லூக்ரா பகுதியின் போல்காத் துள்ளலும் இந்த மேடையில் எனக்குப் போதிய அளவு கேட்கவில்லை.

இவ்வளவு சொன்னபின்னும் போட்டியை நீக்கிவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கிளேரின் டல்லா குழு 1946இல் லிமரிக்கில் நடந்த இசை விழாவுக்காகவே ஒன்றுகூடியது. அப்படிப் பிறந்த குழு தலைமுறைகளைத் தாண்டி நடன அரங்குகளில் வாசித்தது. 1909இல் தொடங்கிய கில்ஃபெனோரா குழு 1954, 1955, 1956 ஆகிய மூன்று ஆண்டுகளும் பட்டம் வென்றது. பிறகு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, புதிய தலைமுறையினரோடு 1993 முதல் 1995 வரை மீண்டும் தொடர்ச்சியாக மூன்று முறை வென்று புத்துயிர் பெற்றது. 1963, 1964 ஆகிய ஆண்டுகளில் லிவர்பூல் குழு கோப்பையைக் கடல் கடந்து கொண்டுசென்றபோது, புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் இந்த இசையைத் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள அது வலுவான ஆதாரமாயிற்று. டல்லாவும் கில்ஃபெனோராவும் போட்டியிட்ட காலத்தில், வார இறுதிகளில் நடன அரங்குகளில் மணிக்கணக்கில் வாசித்துவிட்டுப் போட்டிக்கு வந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். மேடை அன்று அளக்காமல் விட்டதை அரங்கு ஏற்கெனவே அளந்திருந்தது. இன்று போட்டிக்காகவே கூடி, போட்டி முடிந்ததும் கலையும் குழுக்களுக்கு அந்தப் பயிற்சி கிடைப்பதில்லை. சிறுவர், இளைஞர் பிரிவுகளில் இந்தக் குறை இன்னும் ஆழமாகப் பதியும் என்று அஞ்சுகிறேன். ஆடுவோரின் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்காமலேயே ஒரு பிள்ளை வெற்றி பெற்ற கெய்லி வாசிப்பாளராக வளர்ந்துவிட முடியும்.

திருத்தம் கடினமானது அன்று. இறுதிச் சுற்றில் ஒவ்வொரு குழுவும் ஒரு முழு செட்டுக்கு வாசிக்கட்டும். நான்கு இணைகள் நடுவர்களின் கண்முன்னே ஆடட்டும். அவர்களுடைய கருத்துக்கும் மதிப்பெண்ணில் பங்கு இருக்கட்டும். நேரம் கூடும் என்பது உண்மைதான். மாகாணச் சுற்றிலிருந்து வரும் குழுக்களின் எண்ணிக்கையைக் குறைத்து அதை ஈடுசெய்யலாம்.

விழாவுக்குச் செல்ல எண்ணுவோர் இறுதிச் சுற்றைத் தவறவிட வேண்டாம். மரபிசையில் கூட்டு வாசிப்பு எட்டக்கூடிய உயரத்தை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் காண்பது அரிது. அதே விழா நாட்களில் மாலை வேளைகளில் நடக்கும் கெய்லி நடனங்களில் ஒன்றுக்காவது கட்டாயம் செல்லுங்கள். செட் ஆடத் தெரியாவிட்டாலும் சுவரோரம் நின்று குழுவைப் பார்க்காமல் ஆடுவோரின் கால்களைப் பாருங்கள். போட்டியின் முடிவை ஏற்பதா மறுப்பதா என்று அதற்குப் பிறகு நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.