நாயோடு இருவர், கடலோரம் ஒரு சின்ன வீடு: கோவளமா, மாமல்லபுரமா, புதுச்சேரியா, தரங்கம்பாடியா?

எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், கணவர், கருப்பட்டி. கருப்பட்டிக்கு நான்கு வயது, 16 கிலோ. மழையில் ஒரு டீக்கடைப் பெஞ்சுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தவளைத் தூக்கி வந்து வளர்த்தோம். அசல் நாட்டு நாய். அவள் வருவதற்கு முன்பு நினைத்த நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். வந்த பிறகு எந்தப் பயணப் பேச்சும் "இவளை எங்கே விடுறது?" என்பதில் போய் முட்டிக்கொண்டது. ஒரே ஒரு முறை நாய்களைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் காசு கட்டி விட்டுப் போனோம். மூன்று நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அன்றே முடிவு செய்தோம்: போனால் மூவரும் போவது, இல்லையென்றால் மொட்டை மாடியில் பாய் விரிப்பது.

அப்படிக் கடந்த இரண்டு குளிர்காலங்களில் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரையோரமாக நான்கு ஊர்களில் தங்கிப் பார்த்தோம். எல்லாம் காரில்தான். ரயிலில் நாயை உடன் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் முதல் வகுப்பு ஏசியில் இருவருக்கான கூப்பேயையோ நால்வருக்கான கேபினையோ முழுதாக எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டு. அந்த இரும்புக் கூண்டில் கருப்பட்டியை ஏற்றுவதற்கு நானே ஏறிக்கொள்ளலாம்.

ஊர்களுக்குப் போவதற்கு முன் 'பெட் ஃப்ரெண்ட்லி' என்ற சொல்லைப் பற்றி. விளம்பரத்தில் ஒரு பாதச் சுவடு படம் போட்டிருப்பார்கள். போன் செய்தால் முதல் கேள்வி "என்ன ப்ரீட் மேடம்?" நாட்டு நாய் என்றதும் அந்தப் பக்கம் ஒரு மௌனம். அப்புறம் நிபந்தனைகள் ஒவ்வொன்றாக வரும்: அறைக்குள் கூடாது, கார் ஷெட்டில் கட்டிக்கொள்ளலாம், புல்தரையில் விடக் கூடாது, தனிக் கட்டணம் உண்டு. அறைக்குள் நாய் வரக் கூடாது என்றால் எங்களைப் பொறுத்தவரை நாய்க்கு அனுமதி இல்லை என்றுதான் பொருள். முன்பணம் கட்டுவதற்கு முன்பு இந்த ஒன்றை மட்டும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சில் "பாத்துக்கலாம் மேடம்" என்றவர் ஒருவர், நாங்கள் போய் இறங்கியதும் சங்கிலியோடு வந்து நின்றார்.

கோவளம், முட்டுக்காடு பக்கம்

நகரத்திலிருந்து சுமார் 40 கி.மீ. உத்தண்டி சுங்கச்சாவடி தாண்டி கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். காரில் வாந்தி எடுக்கும் நாயாக இருந்தால் இந்தத் தூரம்தான் தோது. நல்லது அவ்வளவுதான்.

இந்தப் பக்கம் இருக்கும் வீடுகள் இருவருக்காகக் கட்டப்பட்டவை அல்ல. நான்கு படுக்கையறை, நீச்சல் குளம், ஸ்பீக்கர் செட். பத்துப் பன்னிரண்டு பேர் பங்கு போட்டு வாடகை கொடுக்கும் கணக்கு. இரண்டு பேருக்கு ஒற்றை அறை வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. எங்களுக்குக் கிடைத்தது ஒரு பெரிய பங்களாவின் தோட்டக்காரர் வீட்டைச் சுண்ணாம்படித்து மாற்றியது. வீடு நன்றாகவே இருந்தது. சனிக்கிழமை இரவு பங்களாவில் பாட்டு தொடங்கியதும் கருப்பட்டி கட்டிலுக்கு அடியில் போனவள், ஞாயிறு காலை ஏழு மணிக்குத்தான் வெளியே வந்தாள்.

கடற்கரையும் நாய்க்குச் சாதகமாக இல்லை. கோவளம் கடற்கரைக்கு 2021-ல் நீலக்கொடிச் சான்று (சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைகளுக்கு உலக அளவில் கொடுக்கும் 'ப்ளூ ஃப்ளாக்') கிடைத்தது. சுத்தமான, பார்க்க அழகான கடற்கரைதான். ஆனால் அந்தச் சான்றின் விதிகளிலேயே நாய்கள் வருவதைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்று இருக்கிறது. ஆகவே நல்ல மணலை விட்டுத் தள்ளிப் போய் நடக்க வேண்டும்.

இன்னொன்று, இது எல்லா ஊருக்கும் பொருந்தும். ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம். குஞ்சு பொரிய ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். மணலைத் தோண்டி முட்டையைத் தின்பதில் நாய்கள் கெட்டிக்காரர்கள். நமக்குக் கடற்கரை இதமாக இருக்கும் மாதங்களும் இவைதான். அதனால் இருட்டிய பிறகு கயிற்றை அவிழ்க்கவே கூடாது. "எங்க நாய் அப்படிச் செய்யாது" என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் நண்டு வளையைத் தோண்டும் வேகத்தைப் பார்த்த பிறகு சொல்வதில்லை.

மாமல்லபுரம்

சிற்பம் பார்ப்பதற்காகப் போகிறவர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களுக்குள் விலங்குகளைக் கொண்டுவரக் கூடாது என்று 1959-ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. நாயை விட்டுவிட்டு வந்தால்தான் சொர்க்கம் என்றபோது, அப்படிப்பட்ட சொர்க்கமே வேண்டாம் என்றவன் தருமன். அவன் பெயரில் இருக்கும் ரதத்தின் வாசலில் கருப்பட்டியோடு வெளியே நின்றேன். கணவர் உள்ளே போய் வந்தார், பிறகு நான் போனேன். விதி சரிதான், குறை சொல்லவில்லை. சிரிப்பு வந்தது, அவ்வளவுதான்.

தங்குவதற்கு மீனவர் குடியிருப்பை ஒட்டிய சந்துகளில் மாடி அறைகள் நிறைய உண்டு. நான்கு ஊர்களில் வாடகை எங்களுக்குக் குறைவாக இருந்தது இங்கேதான். வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்துப் பழகிய ஊர் என்பதால் ஆதார் அட்டையை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டார்கள். தாலியைத் தேடும் பார்வை இல்லை. இருவராகப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. வீட்டுக்கார அக்கா "கடிக்குமாம்மா?" என்று கேட்டார், இல்லை என்றேன், மறுநாள் காலை கருப்பட்டிக்கு மீன் தலை அவித்துக் கொண்டுவந்துவிட்டார்.

சிக்கல் மாடிப்படி இறங்கியதும் தொடங்குகிறது. கரையில் நிற்கும் ஒவ்வொரு படகுக்கும் நான்கு நாய்கள் சொந்தம். அந்த எல்லைக்குள் இன்னொரு நாட்டு நாய் நுழைந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. லாப்ரடாரைப் பார்த்தால் குரைத்துவிட்டுப் போகிற நாய்கள், கருப்பட்டியைப் பார்த்ததும் பங்காளி வந்துவிட்டாள் என்று வரிந்துகட்டிக்கொண்டு வந்தன. இரண்டு நாளும் கையில் குச்சியோடுதான் நடந்தோம்.

வலையிலிருந்து உதறிப் போட்ட மீன்களும் மணலில் கிடக்கும். அதில் பேத்தை இருந்தால் ஆபத்து. பந்துபோல உப்பும் அந்த மீனின் நஞ்சு சமைத்தாலும் போகாது. நாய் ஒரு வாய் கவ்வி விழுங்கினாலே உயிருக்கு வினை. அறுந்த தூண்டில் முள், கரை ஒதுங்கிய சொறிமீன் எல்லாம் அடுத்த கவலைகள். "விடு" என்றால் வாயில் இருப்பதை விடப் பழகாத நாயை மீன்பிடிக் கரைக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

புதுச்சேரிக்கு வடக்கே

இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். எங்கள் பணம் அதிகம் போனதும் இங்கேதான். சென்னையிலிருந்து சுமார் 150 கி.மீ. மரக்காணம் உப்பளம் பக்கம் ஒரு முறை நிறுத்தி, நாயை இறக்கி, தண்ணீர் காட்டினால் கருப்பட்டிக்கு அலுப்பு தெரிவதில்லை.

வெள்ளைக்கார வீதிகளில் இருக்கும் பழைய வீடுகள் அழகு. ஆனால் வாசல் திறந்தால் நேராகத் தெரு, வார இறுதியில் தலை தெரியாத கூட்டம். கடற்கரைச் சாலையில் மாலையானால் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். நாயோடு நடக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அங்கே இருப்பது பெரும்பாலும் பாறைக்கரை. கால் நனைக்க ஆசைப்பட்டால் வேறு பக்கம்தான் போக வேண்டும்.

அதனால் நாங்கள் தேடியது கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் பக்கம். இது தமிழ்நாட்டு எல்லை. ஆரோவில்லின் செம்மண்ணும் முந்திரித் தோப்பும் கடலோரம் வரை இறங்கி வருகிற நிலம். இங்கே இருவருக்கென்றே கட்டிய சின்ன வீடுகள் இருக்கின்றன: கீற்றுக் கூரை, சிவப்புச் சிமெண்டுத் தரை, வெளியே ஒரு கயிற்றுக் கட்டில், வேப்பமரம். நாய் வளர்ப்பவர்களே வீட்டுக்காரர்களாக இருப்பதும் இங்கேதான் அதிகம் கண்டோம். அப்படிப்பட்டவரிடம் ஐந்து நிமிடம் பேசினால் போதும். 'அனுமதி உண்டு' என்று எழுதியிருக்கிறாரா என்று பார்க்கவே தேவையில்லை.

முதல் முறை "கடலைப் பார்த்த வீடு" என்று ஆசைப்பட்டு ஏமாந்தோம். கடல் தெரிந்தது, மணல் இல்லை. புதுச்சேரித் துறைமுகத்துக்காக 1980-களின் கடைசியில் கடலுக்குள் கல் கொட்டிக் கரைகள் கட்டினார்கள். இந்தக் கரையோரம் மணல் வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருப்பது. வழியில் தடுப்பு வந்ததும் துறைமுகத்துக்குத் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. சென்னையில் மெரினா அகலமானதும் ராயபுரம் பக்கம் கரை கரைந்ததும் இதே கதைதான். அரிப்பைத் தடுக்க வடக்கே கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். கல் இடுக்கில் நாயின் கால் மாட்டினால் எலும்பு முறியும். ஆகவே இந்தப் பக்கம் கடல் தெரியும் வீட்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை. ஒரு கிலோமீட்டர் உள்ளே தள்ளித் தோப்புக்குள் வீடு எடுத்துவிட்டு, காலையில் மணல் இருக்கும் இடமாகப் பார்த்துக் காரில் போய்க்கொள்ளலாம். இரண்டாம் முறை அப்படித்தான் செய்தோம். வாடகை கிட்டத்தட்ட பாதியானது.

தோப்பு வீட்டின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். உண்ணி உண்டு, கிளம்புவதற்கு முன்பே மருந்து போட்டுவிட வேண்டும், திரும்பியதும் காது மடல், விரல் இடுக்கு எல்லாம் தடவிப் பார்க்க வேண்டும். காய்ந்த சருகில் கண்ணாடிவிரியன் கிடந்தாலும் தெரியாது, எனவே இரவில் டார்ச் இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது. இதற்கெல்லாம் எனக்கு இருக்கும் தைரியம், குரும்பாப்பேட்டில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியே இருப்பது. நான்கு ஊர்களில் மருத்துவ வசதிக்கு என்னுடைய முதல் இடம் இதற்குத்தான்.

தரங்கம்பாடி

சென்னையிலிருந்து 280 கி.மீ. இருக்கும். நாயோடு போனால் ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளுக்காக அவ்வளவு தூரம் போவது வீண்.

ஆனால் அந்த அமைதி வேறு எங்கும் இல்லை. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, ராஜவீதியில் பழைய வீடுகள், கடல் முன்பகுதியைத் தின்றது போக மிஞ்சி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில். மாலை ஆறு மணிக்கு வீதியில் எங்கள் மூவரின் காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. தெருநாய்கள் இங்கும் உண்டு, ஆனால் எழுந்து வந்து சண்டை பிடிக்கிற சுறுசுறுப்பு அவற்றுக்கு இல்லை. ஒன்று கருப்பட்டியை முகர்ந்துவிட்டு எங்களோடேயே கோட்டைவரை நடந்து வந்தது.

தடையாக நிற்பது தங்கும் இடம். எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரலில் அடங்கும். அதிலும் நாயை உள்ளே விடுபவர் ஒருவரோ இருவரோ. நாங்கள் தங்கிய வீட்டில் சுற்றுச்சுவர் இடுப்பளவு, கருப்பட்டி ஒரே தாவில் தாண்டிவிட்டாள். கொல்லையில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு வேறு. அவளைக் கண்டுபிடிக்கும் வரை அந்தப் பத்து நிமிடம் எனக்கு எப்படிப் போனது என்று எழுதத் தெரியவில்லை. மீன்காரம்மா ஒருவரின் கூடையருகே மரியாதையாக உட்கார்ந்திருந்தாள். அவசரத்துக்கு மருத்துவரைத் தேடினால் 15 கி.மீ. தள்ளிக் காரைக்கால் போக வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அப்போ எது?

முதன்முறையாக நாயோடு கிளம்புகிறவர்கள், அது காரில் எப்படி இருக்கிறது, புது இடத்தில் தூங்குகிறதா என்று பார்ப்பதற்காகக் கோவளம் பக்கம் ஒரே ஒரு வார நாள் இரவு தங்கிவிட்டு வரலாம். பக், ஷிட்சு மாதிரி தூக்கிக்கொண்டு நடக்கிற நாயாக இருந்தால் மாமல்லபுரம் தாராளமாகப் போகலாம். ஐந்து நாள் விடுப்பும் வயதான, ஓடாத நாயும் இருக்கிறவர்களுக்குத் தரங்கம்பாடியை விட நல்ல இடம் இல்லை. எங்களுக்குப் பொம்மையார்பாளையம் தோப்பு வீடு.

எந்த ஊரானாலும் வீட்டுப் படங்களில் நான் இப்போது பார்ப்பது மூன்றே விஷயம்: சுற்றுச்சுவர் என் தோளுயரம் இருக்கிறதா, கிணற்றுக்கு மூடி இருக்கிறதா, தரை வழுக்குமா. பளபளவென்று கிரானைட் போட்ட தரையில் நாய் பனிச்சறுக்கு விளையாடும், இடுப்பு போய்விடும். படுக்கையில் ரோஜா இதழ் தூவி அன்னப்பறவை செய்து வைத்திருந்தால் அந்த வீட்டை அப்படியே ஒதுக்கிவிடுகிறேன். அங்கே நாய் முடி ஒன்று கிடந்தாலும் சலவைக்குப் பணம் கேட்பார்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் கொந்தளிப்பும். ஏப்ரலுக்குப் பிறகு பகல் மணலில் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது. கடலில் விளையாடுகிற நாய் உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு இரவெல்லாம் வாந்தி எடுக்கும், ஆகவே நல்ல தண்ணீர் ஒரு கேன் காரிலேயே இருக்கட்டும்.

பிப்ரவரியில் எங்கள் கல்யாண நாள் செவ்வாய்க்கிழமை வருகிறது. தோப்பு வீட்டுக்காரருக்குப் போன் செய்து மூன்று இரவு கேட்டேன். "கருப்பட்டி வர்றாளா?" என்றார். வருகிறாள் என்றதும், போன தடவை அவள் கடித்து வைத்த கயிற்றுக் கட்டிலை மாற்றாமல் அப்படியே போட்டு வைக்கிறேன் என்றார்.